இரண்டு தலை ராஜா

படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முள்ளம்பன்றியைக் காணோம்.

புத்தகத்தில் அது முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். தபால்பெட்டிக்குள் இறங்கிப் போகும் சிறுமிக்கு வழி காட்டுவதே அதுதான். முதுகு முள் ஒவ்வொன்றிலும் ஒரு கடிதத்தைக் குத்திக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வரும். பழைய டிவி தொடரில் அதைக் கையுறைப் பொம்மையாகக் காட்டினார்கள். பிறகு வந்த கார்ட்டூனில் பாட்டெல்லாம் பாடியது. இந்தப் படத்திலோ, அது நிற்க வேண்டிய இடத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கொக்கு ஹாயாக நின்றுகொண்டிருந்தது.

யாரடா இது புதுசாக என்று மகளைப் பார்த்தான். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எட்டு வயது. வாய் ஓயாது என்பதால் சில்வண்டு என்று பெயர் வைத்திருந்தான். தினம் ஒரு அத்தியாயம் அவன்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவான். பதினோராவது அத்தியாயத்தில் அவனும் அவள் அம்மாவும் பிரிந்தார்கள். புத்தகம் அவனோடு வந்துவிட்டது, மகள் அம்மாவோடு போய்விட்டாள்.

இப்போது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை. கோர்ட் கொடுத்தது அவ்வளவுதான்.

படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்த அன்றே அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டான், அப்பாவோடுதான் முதலில் பார்க்க வேண்டும் என்று. படம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அவனுடைய சனிக்கிழமை இன்றைக்குத்தான் வந்தது. அதுவரை மனுஷன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தான். போனில் கேட்டபோதெல்லாம் பாக்கலப்பா, பாக்கலப்பா என்றாள்.

அவனும் சும்மா இருக்கவில்லை. அவள் கேள்வி கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்ல வேண்டுமே! சாப்பாட்டு இடைவேளையில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து புத்தகத்தை இரண்டு தடவை படித்தான். தொடரையும் கார்ட்டூனையும் போனில் பார்த்து முடித்தான். பரீட்சைக்குப் போகிறவன்போலத் தயாராக வந்தால், இங்கே கேள்வித்தாளே வேறாக இருந்தது.

அப்போதுதான் சில்வண்டு சிரித்தாள்.

கொக்கு இன்னும் வாயே திறக்கவில்லை. அவள் சிரித்த பிறகுதான் அது, "முகவரி இல்லாதவங்க யாரும் என் முதுகுல ஏறக்கூடாது!" என்றது. அரங்கமே சிரித்தது. இவள் அதற்குள் சிரித்து முடித்திருந்தாள்.

சரி, ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் சிறுமி அரண்மனைக் கதவின் முன்னால் நின்றாள். கதவைத் திறக்கும் மந்திரத்தை அவள் சொல்வதற்கு முன்பே சில்வண்டின் உதடு அதைச் சொல்லிவிட்டது. ஒரு எழுத்து பிசகவில்லை. அந்த மந்திரம் புத்தகத்தில் கிடையாது. இரண்டு தடவை படித்தவனுக்குத் தெரியாதா?

பார்த்துவிட்டாள். ஏற்கெனவே பார்த்துவிட்டு என்னிடம் மறைக்கிறாள்.

கோபம் வரும் என்று நினைத்தான், அழுகைதான் வந்தது. மாதத்துக்கு நாலு மணி நேரம் வந்து போகிற அப்பனிடம் குழந்தை வேறு என்னதான் சொல்லும், பாவம்.

கதவு திறந்தது. ராஜா வந்தார். அவருக்கு இரண்டு தலை.

புத்தகத்தில் ராஜாவுக்கு எல்லாரையும்போல ஒரே தலைதான். இது என்னடா கூத்து என்று அவன் வாயைத் திறப்பதற்குள் சில்வண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"அய்யோ அப்பா, ஒரே ஆளா! நான் ரெண்டு பேருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

பின்வரிசையில் யாரோ உஷ் என்றார்கள்.

அவன் திருதிருவென்று விழித்தான். எப்போது நினைத்தாள்? படத்தைப் பார்த்தவள் என்றால் இரண்டு தலை இருப்பது தெரியாமலா போகும்? பார்க்காதவள் என்றால், ராஜா வருவதற்கு முன்பே ரெண்டு பேர் என்று எங்கிருந்து நினைப்பாள்?

அதற்கப்புறம் அவன் படம் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தான். பாட்டு வருவதற்கு முன்பே காலால் தாளம் போட்டாள். குதிரைகளின் குளம்புச் சத்தம் கேட்பதற்கு முன்பே காதைப் பொத்திக்கொண்டாள். குதிரைகள் வந்து நின்றன. அத்தனையும் காகிதத்தில் மடித்த குதிரைகள் என்று கண்டதும் வாயைப் பிளந்தாள். அவனுக்கு மண்டை காய்ந்தது.

விளக்கு போட்டார்கள். எல்லாரும் எழுந்து போனார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

"அப்பா திட்ட மாட்டேன். முன்னாடியே பாத்துட்டியாடா கண்ணு?"

"பாக்கலப்பா." முகம் சுருங்கிவிட்டது. அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள். கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தாள்.

"அம்மா மொத நாளே டிக்கெட் வாங்கிட்டாங்க. வரலன்னு சொன்னா அம்மா பாவம்ல? அதான் போயி, கண்ண மூடிக்கிட்டே உக்காந்திருந்தேன்."

முழுப் படத்துக்குமா என்று கேட்க வாயெடுத்தான்.

"இன்டர்வெல்ல மட்டும் தொறந்தேன்," என்றாள் அவசரமாக. "பாப்கார்ன் வாங்க. பரவால்லையாப்பா?"