பன்னிரண்டாவது கையெழுத்து

"புல்லை வெட்டக் கூடாதெண்டு போன வருசம் கடிதம் எழுதின ஆள் மட்டும் என்ர கையில அம்பிட வேணும்," என்றபடியே சிவமலர் கையெழுத்துப் போட்டாள்.

சஜீதா கோரிக்கைத் தாளை வாங்கிக்கொண்டாள். பதினொரு வீடு முடிந்தது.

அவர்கள் புலம்பெயர்ந்து வாழும் பாடன் நகரத்து ஓரத்தில், காட்டை ஒட்டி நின்றது அந்தக் குடியிருப்பு. பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் காட்டுக்கும் நடுவே இடுப்பளவு புல். சஜீதாவின் ஏழு வயது மகள் மதுஜாவை அங்கேதான் உண்ணி கடித்தது. கடித்தது யாருக்கும் தெரியவில்லை. சில வாரம் கழித்து, ஒரு காலையில் பிள்ளையின் பாதி முகம் அசையவில்லை. குடித்த பால் கடைவாயால் வழிந்தது. உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"மருந்து முடிஞ்சுது, அக்கா. சிரிக்கேக்க மட்டும் வாய் கொஞ்சம் இழுக்குது. மாறிடும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"அந்தாள் பூவும் வண்ணத்துப்பூச்சியும் வேணுமெண்டு எழுதினதாம். ஆரெண்டு கேட்டா நிர்வாகத்தில பேர் சொல்லமாட்டினமாம். பிள்ளைகுட்டி இல்லாத ஆராவதாத்தான் இருக்கும்."

"நான் மேல் வீட்டுக்கும் போட்டு வாறன், அக்கா."

கோரிக்கை இதுதான்: புல்லை ஒட்ட வெட்ட வேண்டும். சருகை வாரி அகற்ற வேண்டும். உண்ணி தாண்டி வராதபடி, காட்டோரம் ஒரு மீற்றர் அகலத்துக்கு மரச்சீவல் பரப்ப வேண்டும். பன்னிரண்டு வீட்டாரும் கேட்டால் செய்யலாம் என்றது நிர்வாகம். இரண்டு கிழமையாக, வேலை முடிந்த கையோடு சஜீதா வீடு வீடாகப் படியேறி இறங்கியிருந்தாள். ஒரு வீட்டில் மூன்று தரம் கதவு திறக்கவில்லை. நாலாம் தரமும் போனாள்.

கடைசி வீடு மேல்மாடி ஸ்ரீஸ்கந்தராஜாவுடையது. ஓய்வு பெற்ற மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோரிக்கையை ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"எல்லாம் சரி, தங்கச்சி. ஆனா நான் இப்ப வைக்கமாட்டன்."

"ஏன் அண்ணை?"

"நாங்கள் கையெழுத்து வைப்பம், அவங்கள் புல்லை வெட்டுவாங்கள். அடுத்த வருசம் அந்தாள் இன்னொரு கடிதம் எழுதும். திரும்பவும் புல் வளரும், திரும்பவும் ஒரு பிள்ளைக்குக் கடிக்கும். முதல்ல அந்தாளின்ர கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாங்கோ. அடுத்த நிமிசம் நான் வைக்கிறன்."

 சஜீதா தலை குனியவில்லை.

"அந்தாளின்ர கையெழுத்து இதில இருக்கு, அண்ணை."

"எது?"

தாளின் முதல் வரியில், தன்னுடைய பெயரின் மேல் அவள் விரலை வைத்தாள்.