வலையில் வந்தவர்

கட்சிக் கொடிக்கம்பத்தில் கட்டிய கயிற்றுக்கு இப்பால் மீனவக் குப்பமே கூடி நிற்கிறது. அப்பால், பட்டாளத்து வெடிகுண்டுப் பிரிவின் ஹவில்தார் மட்டும் முழங்காலிட்டு, சௌந்தரநாயகியின் வாசலில் நட்டிருக்கும் பழைய பீரங்கிக் குண்டைச் சுற்றி விரலால் மணலை விலக்குகிறார். குண்டின்மேல் மஞ்சள், குங்குமம், இன்று காலை சாத்திய கனகாம்பரம். அருகில் அணைத்த அகலின் திரி இன்னும் புகைகிறது. கடலுக்குப் போன அவள் கணவன் காயாரோகணம் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் இழுத்த அவன் வலையில் இந்த இரும்புதான் இருந்தது. உடல் கிடைக்காததால் இதையே அவனாக நட்டு விளக்கேற்றி வருகிறாள். ஹவில்தார் பூச்சரத்தைக் கீழே போடாமல் தொப்பிக்குள் வைத்துக் கயிற்றருகே கொண்டுவருகிறார்.

"இத வெடிக்க வச்சுத்தாம்மா ஆகணும்."

சௌந்தரநாயகி பூவை வாங்கிக்கொள்கிறாள்.

"செய்ங்க சார். மறுபடி கடல்ல மட்டும் போட்டுடாதீங்க."