ஒரு தடவைதான் கேட்பேன்

“நான் சொன்னதை எல்லாம் அப்படியே எழுதினீங்களா மிஸ்?”

ஜேபெஸ் இதைக் கேட்டபோது ஃபிலீனா அவனுக்குச் சோளக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி பாதி வழியில் நின்றது.

“ஒரு வார்த்தை விடாம எழுதினேன்.”

“கண்ணு ரெண்டும் போயிடுச்சுன்னு?”

“எழுதினேன்.”

“வந்து கூட்டிட்டுப் போறியான்னு?”

“அதையும்தான்.”

“அப்ப அவளுக்கு இஷ்டமில்லை.” அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அமெரிக்காவில் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் அடித்துக்கொள்ளத் தொடங்கி மூன்றாவது வருஷம். ஆற்றங்கரைப் புகையிலைக் கிடங்கில் நாற்பது கட்டில்களைப் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். பீரங்கிப் படகின் கொதிகலன் வெடித்து, நீராவியில் கண் வெந்துபோய் வந்தவன் ஜேபெஸ். ஊர், மெய்ன் கடற்கரையில் ஒரு சின்ன மீன்பிடி கிராமம். அங்கே அவன் மனைவி டார்கஸ் தனியாக இருந்தாள். கடிதம் போக ஒரு வாரம், வர ஒரு வாரம். எழுதி ஏழு வாரம் ஆகிவிட்டது.

“இன்னொண்ணு எழுதட்டுமா?” என்றாள் ஃபிலீனா.

“வேண்டாம் மிஸ். ஒரு தடவைதான் கேட்பேன். கெஞ்ச மாட்டேன்.”

பக்கத்துக் கட்டிலில் ஒற்றைக் காலோடு படுத்திருந்த டூலன் சிரித்தான். “என் கடிதத்தில் பாதியை எடுத்துக்கப்பா. என் மாமியார் எழுதுறது. திட்டு ரெண்டு பேருக்கும் தாராளமாப் போதும்!”

ஜேபெஸ் சிரிக்கவில்லை. சனிக்கிழமை அவனை ஊனமுற்ற மாலுமிகள் விடுதிக்கு அனுப்ப உத்தரவு வந்திருந்தது. உள்ளே போனால் சாகும்வரை அங்கேதான்.

ஃபிலீனாவுக்குக் கூச்சம் அதிகம். தம்பி போரில் இறந்த பிறகு, வீட்டின் மௌனம் தாங்காமல் இங்கே நர்ஸ் வேலைக்கு வந்தவள். மற்ற கட்டில்களுக்குப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜேபெஸிடம் மட்டும் பேச வரும். அவன் அவளைப் பார்க்கப்போவதில்லை அல்லவா?

தினமும் தபால் பை வரும். அவள் தேடிப் பார்த்துவிட்டு வந்து, “இன்னிக்கும் இல்லை” என்பாள். அப்படிச் சொல்லும்போது தன் குரலில் கொஞ்சம் நிம்மதி எட்டிப் பார்க்கிறதோ என்று அவளுக்கே பயமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கோடிக் கட்டிலில் இருந்த தன் கூட்டாளியைப் பார்க்க ஒரு மாலுமி வந்தான். திரும்பும் வழியில் ஜேபெஸின் கட்டிலருகே சட்டென்று நின்றுவிட்டான்.

“ஆண்டவரே! டேய், நீ ஜேபெஸ்தானே?”

“யாரு... சைலஸா? எங்க தெரு சைலஸ் குரலாச்சே!”

“நானேதான்டா. நீ எப்படிடா உயிரோட இருக்கே? உனக்குக் கல்லறைக் கல்லே நட்டாச்சேடா! பாதிரியார் ஒரு மணி நேரம் பேசினாரு. நீ நல்லவன்னு வேற சொன்னாரு.”

டூலன் விழுந்து விழுந்து சிரித்தான். ஜேபெஸ் எழுந்து உட்கார்ந்தான். “செத்துட்டேன்னு யார்டா சொன்னா?”

“கடிதம் வந்துச்சே! நான் லீவில் ஊர்லதான் இருந்தேன். டார்கஸ் பக்கத்துலயே நின்னேன். கொதிகலன் வெடிச்சது பத்திரிகையில் வந்து, ஊரே பயந்துகிட்டு இருந்த நேரம். கவர்மேல முன்பின் தெரியாத பொம்பளை கையெழுத்து. பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துட்டா.”

“உள்ளே என்ன எழுதியிருக்குன்னு படிக்கலையா?”

“பிரிக்கவே இல்லைடா. பிரிச்சா நிஜமாயிடும்னு பைபிளுக்குள்ள வெச்சுட்டா. இன்னும் சாப்பாட்டு நேரத்துக்கு உன் தட்டை எடுத்து வைக்கிறா.”

 ஏழு வாரத்துக்குப் பிறகு ஜேபெஸ் சிரிப்பதை ஃபிலீனா பார்த்தாள். அவள் நெஞ்சில் எதுவோ அறுந்தது. ஆனாலும் அவளுக்கும் சிரிக்கத்தான் தோன்றியது.

“எங்க கப்பல் சாயங்காலம் பாஸ்டன் போகுது. கேப்டன்கிட்ட நான் பேசுறேன், கிளம்பு,” என்றான் சைலஸ். “ஆனா செத்தவன் திடீர்னு வாசல்ல போய் நின்னா, அவ உயிர் போயிடும். முதல்ல ஒரு வரி எழுதிப் போடணும்.”

“நான் எழுதுறேன்!” ஃபிலீனா தன் மேஜைக்கு ஓடினாள். இழுப்பறையிலிருந்து தாளும் கவரும் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். “சொல்லுங்க, என்ன எழுதணும்?”

சைலஸ் ஒரு அடி கிட்டே வந்தான். அவள் கையையே பார்த்தான்.

“மிஸ்... முதல் கடிதமும் இதிலேயா எழுதினீங்க?”

“ஆமா. எங்க வீட்டில் எல்லாரும் இதில்தான்...”

அவளும் குனிந்து பார்த்தாள். தம்பி இறந்ததிலிருந்து தொட்டுத் தொட்டு, கண்ணுக்கே படாமல் போயிருந்தது. தாளின் நான்கு ஓரத்திலும், கவரின் நான்கு ஓரத்திலும், துக்கவீட்டார் ஒரு வருஷத்துக்கு வைத்திருக்கும் விரல் கனத்துக் கறுப்புக் கரை.

“இதைப் பார்த்துத்தான்டா டார்கஸ் உட்கார்ந்துட்டா,” என்றான் சைலஸ் மெதுவாக. “சாவுக் கடிதத் தாளுல எழுதியிருக்காங்க.”

ஜேபெஸின் கட்டுப்போட்ட முகம் அவள் நின்ற பக்கம் திரும்பியது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல ஃபிலீனா வாயைத் திறந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவன் சைலஸின் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டு, அவளைக் கடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனான்.