தொட்டிக்குச் சுற்றிய உப்பு

எதிர்வீட்டுப் பவளக்கொடியின் தொட்டியில் நத்தைகள் மறுபடியும் முட்டையிட்டிருந்தன. அங்கயற்கண்ணிக்கு வயிறு எரிந்தது. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுச் சிங்க்கிலும் ஓடுகிற தண்ணீர் இயந்திரத்தில் சுத்தமாகி அந்தந்த வீட்டு நத்தைத் தொட்டிக்கு வரும். நத்தை முட்டையிட்டால்தான் தண்ணீர் நல்லதென்று அதைக் குடிக்க அனுமதி. இல்லாவிட்டால் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்க வேண்டியதுதான். அவளுடைய நத்தைகள் சாகவுமில்லை, முட்டையிடவுமில்லை, சும்மா ஊர்ந்துகொண்டிருந்தன.

"எல்லாம் அவ கண்ணுதான்" என்று வெள்ளிதோறும் கை நிறையக் கல்லுப்பை அள்ளித் தொட்டியைச் சுற்றி, சிங்க்கில் கரைத்து ஊற்றினாள்.

நத்தைகளைச் சோதிக்க வந்த பெண் தொட்டிக்குள் மீட்டரை விட்டுப் பார்த்தாள்.

"தண்ணியில உப்பு ஏறிக்கிட்டே போகுதேக்கா. மெஷின் உப்ப எடுக்காது. உப்பு நத்தையச் சட்டுனு கொல்லாது, ஆனா முட்டை வைக்க விடாது. திருஷ்டி சுத்துன உப்பச் சிங்க்லயா ஊத்துறீங்க?"

அங்கயற்கண்ணி எதிர்வீட்டைப் பார்த்தாள். "ஏன், எதிர்வீட்டுக்காரி சுத்திப்போடலையாமா?" என்றாள்.

"நானும் கேட்டேங்க்கா. 'எதுக்குச் சுத்தணும்? எதுத்த வீட்டு அக்கா தங்கமானவங்க, கண்ணு வைக்க மாட்டாங்க'ன்னு சொல்றாங்க."

இதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்பதுபோல் அங்கயற்கண்ணிக்கு வயிறு எரிந்தது.