இரண்டாவது சாட்சி

"நெல்டா இப்பத்தான் எழுந்து போனா. நீ உட்கார்ந்திருக்கியே, அதே நாற்காலிதான். கையெழுத்துப் போடாதேன்னு சொல்லிட்டுப் போனா" என்றாள் கிழவி வெல்மா.

ரோண்டா தன்னையறியாமல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். நெல்டா அவளுடைய அம்மா. புதைத்து இரண்டு மாதமாகிறது.

நோட்டரி டுவேன் திறந்த பேனாவை மறுபடி மூடினார். ஊரில் தீவனக் கடை நடத்திக்கொண்டே சத்தியப் பத்திரங்களுக்கு முத்திரை குத்தும் வேலையும் பார்ப்பவர். வெளியே மேற்கு டெக்சாஸ் காற்று புழுதியை வாரி வெல்மா வீட்டு ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

"இது சரிப்படாது ரோண்டா. புத்தி தெளிவா இல்லாதவங்க சத்தியம் செல்லாது."

"நடிக்கிறாங்க டுவேன்! நல்லாத் தெரியுது, நடிக்கிறாங்க."

நெல்டா உயில் எழுதவில்லை. கோர்ட்டில் வாரிசு வழக்குப் போட்டால் வக்கீலுக்குக் கொடுக்கவே வீட்டை விற்க வேண்டும். சுருக்கு வழி ஒன்று உண்டு. குடும்பத்தை நன்றாகத் தெரிந்த, சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர், இறந்தவருக்கு வாரிசு யார் என்று சத்தியம் செய்தால் போதும். அதை மாவட்டப் பதிவு அலுவலகத்தில் பதிந்தால் வீடு ரோண்டாவுக்கு.

பாதிரியார் சத்தியம் செய்துவிட்டார். நெல்டாவை இளம் வயதிலிருந்து அறிந்தவர்களில் மிச்சமிருப்பது எதிர்ப் பண்ணை வெல்மா மட்டும்தான். ஆலங்கட்டி மழை வீட்டுக் கூரையைப் பிய்த்துப் போட்டிருந்தது. வீடு தன் பேரில் இல்லாமல் பழுதுபார்க்கக் கடன் கிடைக்காது; ரோண்டாவால் ஒரு தகரத்தைக்கூட மாற்ற முடியாது. தார்ப்பாய்க்கு அடியில் படுத்துத் தூங்குகிறாள்.

"மிஸ் வெல்மா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார் டுவேன்.

"நெல்டா வந்த கிழமை."

"போன வெள்ளிக்கிழமை சர்ச் ஹால்ல டாமினோ ஆடுனீங்களே" என்று சீறினாள் ரோண்டா. "யார் கையில எந்தக் காய் இருக்குன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாதிரியாரையே அழ வச்சீங்க. அப்ப மட்டும் புத்தி எங்கேருந்து வந்துச்சு?"

"அன்னைக்கு என்னையும் கவுத்துட்டாங்க" என்றார் டுவேன்.

வெல்மா சிரிக்கவில்லை. யாருமில்லாத மூலையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "கேட்டியா நெல்டா? விடமாட்டேங்கிறா. நான் என்ன பண்ணட்டும்?"

டுவேனும் அந்த மூலையைப் பார்த்தார். பார்த்ததற்கு வெட்கப்பட்டதுபோல் தொண்டையைச் செருமினார்.

"வேற யாரையாவது கூட்டிட்டு வா கண்ணு" என்றாள் வெல்மா. "என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லாதே. கையைத் தூக்கிட்டா எனக்குப் பொய் வராது."

"பொய் சொல்லச் சொல்லி யார் கேட்டா? உண்மையத்தானே சொல்லச் சொல்றேன்!" ரோண்டாவின் குரல் உடைந்தது. "அம்மாவும் போயாச்சு. இந்த வீடும் போச்சுன்னா நான் எங்க போவேன்? எனக்குன்னு யாரு இருக்கா, சொல்லுங்க?"

கிழவி அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"செவ்வாய்க்கிழமை" என்றாள். "வேற என்ன கேக்கணும், கேளு டுவேன்."

டுவேன் கேட்டார். வருஷம், மாதம், தன் புருஷன் இறந்த நாள், எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாள்.

"உன் கடைக் கோழித்தீவனத்துல பாதி மண்ணு. அதுவும் ஞாபகமிருக்கு."

"தெளிவாத்தான் இருக்காங்க" என்றார் டுவேன், காது சிவக்க.

"நான்தான் சொன்னேனே! என்னைவிடத் தெளிவா இருக்காங்க" என்றாள் ரோண்டா. வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகம் மலர்ந்தது.

"வலது கையைத் தூக்குங்க. சொல்லப்போறது எல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றீங்களா?"

"பண்றேன்."

"சொத்துல உங்களுக்குப் பங்கு?"

"ஒண்ணுமில்ல."

"நெல்டாவுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணே ஒண்ணு. பொண்ணு."

"பேரு?"

"ரோண்டா."

ரோண்டா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். டுவேன் எழுதிக்கொண்டே அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்தது சம்பிரதாயக் கேள்வி.

"அந்தப் பொண்ணு உயிரோட இருக்காங்களா?"

தூக்கிய கையை வெல்மா இறக்கவில்லை.

"இல்ல. மூணு வயசுல மாட்டுத் தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப்போச்சு. நான்தான் குளிப்பாட்டினேன். யாருக்கும் தெரியாம நானும் நெல்டாவும் மட்டும் பொதைச்சோம்."

டுவேன் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்போ..." டுவேனின் பேனா ரோண்டாவின் பக்கம் திரும்பியது. "இது யாரு?"

"அடுத்த வாரம் நெல்டா எங்கேயோ போய் இவளைத் தூக்கிட்டு வந்தா. அதே சட்டையை மாட்டிவிட்டா, அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டா." வெல்மா கையை இறக்கி ரோண்டாவின் கை மேல் வைத்தாள். "உன் பேரு என்னன்னு நான் கேக்கவே இல்ல, கண்ணு."