ஜமீன் போட்டுவைத்த வழி

நகரத்துப் பேருந்து நிலையத்தில் ஜமீன் என்றொரு நாய் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலையேறக் கிளம்பிய இளைஞர்களின் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பின்னால் அதுவும் காட்டுக்குள் நடந்தது. நடந்தது மட்டுமா? வழியிலிருந்த மரம், பாறை ஒன்றையும் விடாமல் காலைத் தூக்கித் தன் வாசனையைப் போட்டுக்கொண்டே போனது.

உச்சிப் பாறையை நெருங்கியபோது மரத்திலிருந்து ஒரு மலை அணில் எட்டிப் பார்த்தது.

“என்னண்ணே, காட்டையே வாங்கிட்டீங்களா?”

“பஸ் ஸ்டாண்டுலேருந்து இதுவரைக்கும் இனி நம்ம ஏரியா. எவன் மோந்து பார்த்தாலும் ஜமீன் வந்துட்டுப் போனது தெரியணும்ல?”

“அந்தப் பாறையை நீங்க முதல்ல மோந்து பாருங்க.”

ஜமீன் அலட்சியமாக மூக்கை வைத்தது. முதுகு மயிர் அத்தனையும் குத்திட்டு நின்றது.

“சிறுத்தையா?” ஜமீன் இரண்டடி பின்வாங்கியது.

“ஆமா. காலையில வந்துட்டுப் போனாரு. சாயங்காலம் திரும்ப வருவாரு.”

“அதுக்குள்ள நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிடுவேன்.”

“ஓடுங்க. அவருக்கு நாய்க்கறின்னா உயிர். அங்கே வரைக்கும் வழியைத்தான் நீங்களே போட்டு வெச்சிருக்கீங்களே.”

ஜமீன் திரும்பிப் பார்த்தது. மரத்துக்கு மரம், பாறைக்குப் பாறை, அதன் வாசனை நகரத்தை நோக்கி இறங்கிப் போனது. வால் தானாகக் கால்களுக்கிடையே போய் ஒளிந்தது.

“இது எப்போ அழியும் தம்பி?”

“நல்ல மழை பெஞ்சா போயிடும்ணே.”

ஜமீன் அண்ணாந்து பார்த்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.