கடைசி மரத்துக்கு அப்பால்

கஜகஸ்தானின் பைக்கனூர் ராக்கெட் தளத்தில் விண்ணுக்குப் புறப்படுகிறவர்கள் ஆளுக்கொரு மரம் நட்டுவிட்டுப் போகும் சாலையில், கடைசி மரத்துக்கு அப்பால், சௌலே குழி வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஏப்ரல் வெயில் உப்புப் பூத்த மண்ணில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. விண்ணுக்குப் போகாமலே, செவ்வாய்ப் பயணத்துக்கான பயிற்சியில் இறந்துபோன அவள் கணவன் தௌரெனுக்கு இங்கே மரம் நட அனுமதியில்லை. அவனுடைய பெரிய கையுறைகள் அவள் கைகளில் தொளதொளக்கின்றன. காவலாளி கைசார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். "போதும்க்கா. புல்லுகூட முளைக்காத கிரகம் அது. அங்க போய்க் குடியிருக்கணும்னு யாரு அழுதா? அதுக்காக அண்ணன் உசிரைக் குடுக்கணுமா?" அவள் வெட்டுவதை நிறுத்தாமலே பேசுகிறாள். "இங்க மட்டும் என்ன தம்பி முளைச்சுது? ஒரு வாரம் தண்ணி விடாம இந்த மரத்தையெல்லாம் பாரு. உங்கப்பாவும் எங்கப்பாவும் இந்தப் பொட்டல்ல வந்து குடியேறலையா?" கன்றைக் குழிக்குள் இறக்கி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்குகிறாள். ஊற்றிய வாளித் தண்ணீரை மண் ஒரு நொடியில் குடித்துவிடுகிறது. "நாளைக்கே இதை என்னையே பிடுங்கச் சொல்லுவாங்கக்கா." "பிடுங்கு. வீட்டுல இன்னும் ஆறு கன்னு இருக்கு" என்றபடி, அடுத்த வாளிக்காக அவள் சாலையோர வாய்க்காலில் இறங்குகிறாள்.